புளி பட்ட கல்

ஒவ்வொரு விளக்கும் ஒரு குழவிக்கல் கனம் இருந்தது. பொன்னுமணி அதை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ள, எலெக்ட்ரீசியன் வினோத்குமார் வாயில் ஸ்க்ரூவைக் கடித்தபடி பின்னால் ஒயரை முறுக்கினான்.

"ஆடாமப் பிடிச்சுக்கக்கா. கீழ விழுந்துச்சுன்னா நம்ம ரெண்டு பேரும் அப்படியே காட்டு வழியா இறங்கி ஓடிற வேண்டியதுதான்."

"நான் எங்கடா ஓட? என் முட்டிக்கு நடக்கிறதே பெரிசு. நீ ஓடு."

மொத்தம் பதினெட்டு விளக்கு. பங்களாவின் நீள வராந்தாவில் மட்டும் ஆறு. ஒவ்வொன்றும் இரண்டு சாண் உயர வெள்ளைச் சலவைக்கல் பலகை. அதன்மேல் படிப்படியாக மூன்று பித்தளைத் தகடுகள். எல்லாவற்றுக்கும் முன்னால், தோசைக்கல்லைப் பாதியாக வெட்டி நிறுத்தியதுபோல் ஒரு பித்தளை அரைவட்டம். பல்பு அதன் பின்னால் ஒளிந்திருந்தது. வினோத் ஒன்றைப் போட்டுக் காட்டியபோது விளக்கு தெரியவில்லை, சுவரில் மேலும் கீழும் வெளிச்சம் மட்டும் வழிந்தது.

"இது என்னடா உருவம்? பூவும் இல்ல, காயும் இல்ல."

"ஏதோ வெளிநாட்டுக் கட்டடமாம்க்கா. அந்தக் காலத்துக் கான்கிரீட் கட்டடம். அதைச் சின்னதா ஆக்கி விளக்கா செஞ்சிருக்காங்க. சிவரஞ்சனி மேடம்தான் தேடிப் பிடிச்சு வாங்கினாங்க."

பங்களாவுக்குக் கட்டட வரைபடம் போட்டவள் சிவரஞ்சனி. கோயம்புத்தூர்க்காரி. வீட்டுக்குச் சொந்தக்காரர் போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பத்து ராம்பிரசாத். போடிமெட்டுக்கு மேலே அவர்களுடைய ஏலக்காட்டு நடுவே, சுற்றுலா வருகிறவர்களை வாடகைக்குத் தங்கவைக்க அதைக் கட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள். அன்று புதன்.

பொன்னுமணிக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது. நின்றுகொண்டே செய்கிற வேலை. இருபத்தொரு வருடமாக அவள் சிலமலையிலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறி, பதின்மூன்று பெண்களோடு முழங்கால் இடிக்க மலையேறி வந்து காய் எடுக்கிறவள். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும், காயோ தூரைச் சுற்றித் தரையோடு தரையாகச் சரம்விட்டிருக்கும். உட்கார்ந்தும் தவழ்ந்தும்தான் எடுக்க வேண்டும். போன ஆடி மழையில் சரிவில் வழுக்கி வலது முட்டி பாறையில் மோதியது. தேனி ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், குத்தவைத்து உட்காரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். உட்காராமல் ஏலக்காய் எடுப்பது எப்படி என்பதை அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவள் உரச்சாக்கு ஒன்றைக் கிழித்து இடுப்பில் பின்பக்கமாகக் கட்டிக்கொண்டு, காலை நீட்டி அதன்மேல் உட்கார்ந்து, தூருக்குத் தூர் இழுத்து இழுத்து நகர்ந்தாள். மற்றவர்கள் மூன்று வரிசை முடிக்கும்போது அவள் இரண்டு முடித்தாள். சூப்பர்வைசர் ஈஸ்வரன் பார்த்துவிட்டு, இரக்கமோ எரிச்சலோ, "நீ பங்களாவக் கூட்டித் துடைக்கப் போத்தா," என்று மேலே அனுப்பினார். வந்த இடத்தில் ராம்பிரசாத்துக்கு அவள் சுத்தம் பிடித்துப்போனது. "ரெண்டு வாரம் பார்ப்போம். சரியா இருந்தா இங்கயே தங்கிக்கங்க. அடுப்படிக்குப் பின்னால ரூம் இருக்கு," என்றார். திங்கள் வந்தால் சனிக்கிழமை ஊருக்குப் போகலாம். ஜீப்பு இல்லை, அட்டைக்கடி இல்லை, உட்கார வேண்டியதில்லை. வீட்டில் தினமும் ராத்திரி அவள் முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிடும் புருசன் சோலை, இதைக் கேட்டதும், "அப்ப நீ பொழைச்சுக்குவ," என்றான். இரண்டு வாரத்தில் பன்னிரண்டு நாள் முடிந்திருந்தது.

சாயந்தரம் ஜீப்புக்குக் கிளம்பும் நேரத்தில் ஈஸ்வரன் வராந்தாவுக்கு வந்தார். விளக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவர் முகம் சுளித்தார்.

"என்னத்தா இது, பித்தளையெல்லாம் தீய்ஞ்ச சட்டியாட்டம் கிடக்கு?"

"வந்ததே அப்படித்தாண்ணே. பெட்டிக்குள்ளயே கறுப்பாத்தான் இருந்துச்சு."

"எந்தக் குடோன்ல எத்தனை வருசம் கிடந்துச்சோ. வெள்ளிக்கிழமை மொதலாளியப் பெத்த பெரியம்மா வர்றாக. இந்த விளக்கப் பார்த்தா நம்மளத்தான் பேசுவாக. நாளைக்குப் பளிச்சுனு ஆக்கிரு."

பொன்னுமணியும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளிக்கிழமை விசேஷம் என்றால் வியாழக்கிழமையே விளக்குத் துலக்கிவிட வேண்டும். வெள்ளியன்று துலக்கினால் வீட்டு லட்சுமி கழுவுகிற தண்ணீரோடு போய்விடுவாள் என்பது அவள் வீட்டில் மட்டுமல்ல, சிலமலையில் எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அன்று இரவே பழம்புளியில் இரண்டு உருண்டை எடுத்து ஊறப்போட்டாள். பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் நாலு எலுமிச்சம்பழமும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை வினோத்தை மெயினை அணைக்கச் சொல்லிவிட்டு முதல் விளக்கில் கைவைத்தாள். புளிச்சக்கையோடு சாம்பலைச் சேர்த்து அரைவட்டத்தில் வைத்துத் தேய்க்கத் தேய்க்க, பழுப்புத் தண்ணீராகக் கறுப்பு இறங்கியது. அடியிலிருந்து மஞ்சளாகப் பித்தளை எழுந்து வந்தது. அவளுக்கு உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது. இவ்வளவு நல்ல பித்தளையை இத்தனை நாள் அழுக்காகப் போட்டுவைத்திருந்தவர்களை நினைத்து, "சோம்பேறிப் பயலுக," என்று வாய்விட்டே சொன்னாள்.

ஏணியில் நின்ற வினோத் திரும்பிப் பார்த்தான். "அடேங்கப்பா, தங்கமாட்டம் ஆயிருச்சே! எங்க வீட்டுக் குத்துவிளக்கையும் கொண்டாறேன், ஒரு தேய்ப்புத் தேய்ச்சுக் குடுக்கா."

புளித்தண்ணீர் வழிந்த இடத்தில் சலவைக்கல் மங்கியது. ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும் என்று விட்டாள். காய்ந்த பிறகும் கோடுகோடாகத் தெரிந்தது. கறை போகவில்லையாக்கும் என்று எலுமிச்சம்பழத்தை வெட்டிக் கல் முழுக்கத் தேய்த்தாள். விரலால் தடவியபோது நறநறவென்றிருந்தது. இன்னும் அழுக்கு இருக்கிறது என்று இன்னொரு பழத்தை வெட்டினாள். மதியம் இரண்டு மணிக்குள் வராந்தா விளக்கு ஆறையும் முடித்துவிட்டாள். கை வெந்து வெளுத்திருந்தது. பின்னால் நகர்ந்து நின்று பார்த்தால், வராந்தாவே ஒரு கோயில் பிராகாரம்போல் மின்னியது.

மூன்று மணிக்குக் காரில் ராம்பிரசாத்தும் சிவரஞ்சனியும் வந்து இறங்கினார்கள். ஈஸ்வரன் முன்னாலேயே வந்து நின்றிருந்தார்.

சிவரஞ்சனி வராந்தாப் படியிலேயே நின்றுவிட்டாள். பிறகு முதல் விளக்கிடம் வந்து, பித்தளையைத் தொடாமல், கல்லை விரலால் தடவினாள். அடுத்த விளக்குக்குப் போனாள். ஆறையும் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். சத்தம் போடவில்லை.

"எதுலம்மா தேய்ச்சீங்க?"

"புளியிலம்மா. பெறகு எலுமிச்சம்பழம்." பொன்னுமணி பாராட்டுக்குத்தான் காத்திருந்தாள். "சாம்பல் கொஞ்சந்தான் போட்டேன், கீறல் விழாது."

"கல்லைப் புளி அரிச்சிருச்சு. இதை இனிமே ஒண்ணும் செய்ய முடியாது."

"கல்லையா?" அவளுக்கு நம்ப முடியவில்லை. "கல்லைப் புளி அரிக்குமாம்மா? எங்க வீட்டு அம்மியில எத்தனை வருசமா புளி வச்சு அரைக்கிறோம்!"

"அது வேற கல்லும்மா. மார்பிள் புளிப்பு தாங்காது." சிவரஞ்சனி அரைவட்டத்தைப் பார்த்தாள். "இந்தப் பித்தளையும், கறுப்பு வரணும்னுதான் மருந்துல போட்டு எடுத்தது. அந்தக் கறுப்புக்காகத்தான் நான் ரெண்டு மாசம் காத்திருந்தேன்."

புதுப் பித்தளையைக் காசு கொடுத்துக் கறுக்க வைப்பார்களா என்று பொன்னுமணி ஈஸ்வரனைப் பார்த்தாள். ஈஸ்வரன் ராம்பிரசாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு இதைச் செஞ்ச?" என்றார் ஈஸ்வரன்.

"என்னண்ணே, நீங்கதான நேத்துச் சொன்னீக? தீய்ஞ்ச சட்டியாட்டம் இருக்கு, பளிச்சுனு ஆக்குன்னு?"

"பளிச்சுனுன்னா துணிய வச்சுத் தொடைக்கிறது. புளியப் போட்டு அப்புன்னு சொன்னனா? சார், நான் தொடைக்கத்தான் சொன்னேன்."

பொன்னுமணி வினோத்தைத் தேடினாள். அவன் ஏணிக்கடியில் குனிந்து டெஸ்டரைத் துடைத்துக்கொண்டிருந்தான். கண்ணாடியைத் துடைப்பதுபோல் அவ்வளவு கவனமாகத் துடைத்தான். அவனுக்கு இன்னும் மாடி வயரிங் பாக்கி இருந்தது.

ராம்பிரசாத் நல்ல மாதிரிதான். அவரும் கத்தவில்லை. "தெரியாம செஞ்சுட்டாங்க, விடுங்க மேடம். புதுசுக்கு ஆர்டர் போட்டுருவோம்," என்றார். பிறகு ஈஸ்வரனிடம் தணிந்த குரலில், "இவங்களுக்குக் காட்டுவேலைதான் பழக்கம். அங்கயே போகட்டும். பங்களாவுக்கு வேற ஆள் பாருங்க," என்றார். காருக்குப் போகும்போது பொன்னுமணியைப் பார்த்துத் தலையையும் அசைத்துவிட்டுப் போனார்.

அன்று கீழே இறங்கும் ஜீப்பில் அவள் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். வளைவுக்கு வளைவு முட்டி வலித்தது. வீட்டில் சோலை எண்ணெயைச் சுடவைத்துக்கொண்டு வந்தபோதுதான் அழுகை வந்தது. "கல்லு, புளியில கரையுமாம்யா," என்று அழுதாள். சோலை கிண்ணத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தான். எண்ணெய் ஆறுகிறது, காலை நீட்டு என்றான்.

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சியபோது அவள் கீழ்ச்சரிவில் காய் எடுத்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து மேளச்சத்தம் கேட்டது. மதியம் தொழிலாளிகளுக்குக் காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் இலை போட்டார்கள். பாயசம் நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். அவள் ஏறி இறங்க முடியாதென்று தன் தூக்குச்சட்டியிலேயே சாப்பிட்டுக்கொண்டாள். முடியாதது மட்டும் காரணமில்லை.

அடுத்த வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஈஸ்வரன் அவள் வரிசையைத் தேடிக்கொண்டு இறங்கி வந்தார். செடிக்கு மேற்பக்கச் சரிவில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ஏத்தா பொன்னுமணி, சாப்பாட்டு நேரத்துல பங்களாவுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போயேன்."

அவள் காயிலிருந்து கையை எடுத்தாள். "எதுக்குண்ணே? மொதலாளி கூப்பிட்டாகளா?"

"அவரு ஊர்ல இல்ல. அந்தச் சுகன்யாப் பிள்ளைக்கு விளக்குத் தேய்க்கிற பக்குவம் தெரியல. ஒருதடவ சொல்லிக் குடுத்துரு. வெரசா முடிச்சுட்டு வந்துரு, இந்த வரிசை இன்னைக்கு முடியணும்."

சுகன்யா ஈஸ்வரனின் மச்சினன் மகள். எஸ்டேட் தொழிலாளர் லயத்து வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள், இருபத்திரண்டு வயது. அடுப்படிக்குப் பின்னால் இருந்த ரூமில் அவளுடைய பெட்டி வந்து ஒரு வாரமாகிறது.

பொன்னுமணி ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு மேலே ஏற முக்கால் மணி நேரம் ஆனது. வராந்தாவில் கால் வைத்ததும் நின்றுவிட்டாள். அவள் தேய்த்த ஆறு விளக்கும் அதே இடத்தில் இருந்தன. அதே மஞ்சள், அதே மினுக்கு. எதையும் கழற்றவில்லை.

"புதுசு வரலயா?" என்றாள்.

சுகன்யா பக்கத்தில் வந்து நின்றாள். கையில் புளிக் கிண்ணம். அழுதிருந்தாள் போல, மூக்கு சிவந்திருந்தது.

"புதுசு வாங்கல சின்னம்மா. பால் காய்ச்சுன அன்னைக்கு மகாராணியம்மா வந்தாங்கல்ல?"

மகாராணி என்பது ராம்பிரசாத்தின் அம்மா. தொழிலாளிகளுக்குப் பெரியம்மா.

"உள்ளுக்குள்ள இருந்த கறுப்பு விளக்கப் பார்த்துட்டு ஒரே சத்தம். கறுத்த விளக்கோட எவளாவது புது வீட்டுக்குள்ள போவாளா, வராந்தா விளக்குதான் விளக்குன்னாங்க. இந்த ஆறையும் தொட்டுக் கும்பிட்டாங்க. மிச்சம் பன்னெண்டையும் இதே மாதிரி ஆக்கணும்னுட்டாங்க. மேடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டுக் கோவிச்சுக்கிட்டுக் காரேறிப் போயிட்டாங்க. நம்ம மொதலாளி அம்மா பேச்சத் தட்ட மாட்டாருல்ல."

"கல்லு அரிச்சிருக்கே, அதுக்கு ஒண்ணும் சொல்லலியா?"

"கோலம் போட்ட மாதிரி இருக்குன்னாங்க."

பொன்னுமணிக்குச் சிரிப்பு வந்தது. "யாரு தேய்ச்சதுன்னு கேக்கலியாடி?"

சுகன்யா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "கேட்டாங்க." சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். "எங்க மாமா, நம்ம பிள்ளைதான்னு என்னைய முன்னாடி தள்ளிவிட்டுருச்சு. நான் இல்லைன்னு சொல்றதுக்குள்ள தாம்பூலமும் ரவிக்கைத் துணியும் கையில குடுத்துட்டாங்க. சத்தியமா நான் கேக்கல சின்னம்மா. அந்தத் துணிய உங்களுக்கே கொண்டாந்து தர்றேன்."

"எனக்கு எதுக்கு? நீயே தைச்சுப் போடு."

வெளியே பனி ஏறி வந்துகொண்டிருந்தது. கீழே ஏலக்காடு கண்ணுக்கு மறைந்து, பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரல் மட்டும் கேட்டது.

"ஹால்ல ஒண்ணு தேய்ச்சேன் சின்னம்மா. கல்லெல்லாம் புண்ணாட்டம் ஆயிருச்சு. அம்மா வராந்தாவுல விட்டுட்டாங்க, ஹால்ல விடுவாங்களா? அடுத்ததும் இப்படி ஆனா என்னையும் காட்டுக்கு அனுப்பிருவாங்க." சுகன்யா தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "எனக்குக் காய் எடுக்கவே தெரியாது."

எனக்கும் பிறக்கும்போதே தெரியாதுடி என்று பொன்னுமணிக்கு நாக்கு வரை வந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விடலாம் என்றும் வந்தது. இந்தப் பிள்ளை இன்னும் இரண்டு கல்லைக் கெடுத்தால் ரூம் மறுபடி காலியாகும். காலியானாலும் அதற்குத் தன்னைக் கூப்பிடப் போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. அவள் ஹாலுக்குள் போய், இன்னும் யாரும் தொடாத ஒரு கறுப்பு விளக்கின் முன்னால் நின்றாள். ஒரு வாரமாகக் காய் எடுக்கும்போதெல்லாம் அவள் மனசு தேய்த்துக்கொண்டிருந்தது இந்த விளக்கைத்தான். எங்கே தப்பு நடந்தது, எப்படிச் செய்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தூரிலும் யோசித்திருந்தாள். வழியும் கண்டுபிடித்திருந்தாள்.

"கத்தி கொண்டா."

இடுப்பில் கட்டியிருந்த உரச்சாக்கை அவிழ்த்து உதறினாள். அடுப்படித் தொட்டியில் கழுவித் துடைத்தாள். விளக்கின்மேல் வைத்து அளவு பார்த்து, பித்தளை வெளியே வருமளவுக்கு நடுவில் கீறினாள். மாட்டியபோது கல் முழுக்க உள்ளே மறைந்தது, அரைவட்டமும் தகடுகளும் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. கீறலின் ஓரத்தில் ஈரத்துணியைத் திரித்து நெருக்கி அடைத்தாள்.

"புளியத் தண்ணியா வைக்காத. துவையலாட்டம் கெட்டியா எடுத்துக்க. கீழ இருந்து மேல தேய்க்கணும், மேல இருந்து தேய்ச்சா வழியும். ஒரு சொட்டு கல்லுல பட்டாலும் பச்சைத் தண்ணித் துணியால உடனே ஒத்திரு. எலுமிச்சம்பழம் பக்கமே போகாத."

அவளே ஒரு விளக்கைத் தேய்த்துக் காட்டினாள். சாக்கைக் கழற்றியபோது பித்தளை மின்னியது, கல் பால்போல வழவழப்பாக, பெட்டியிலிருந்து எடுத்தபடியே இருந்தது. சிவரஞ்சனி இருந்திருந்தால் கல்லையாவது தடவிப் பார்த்திருப்பாள். சுகன்யா தடவிப் பார்த்துவிட்டுப் பொன்னுமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாராவாரம் தேய்க்கச் சொல்லியிருக்காங்க சின்னம்மா. இந்தச் சாக்கு..."

"வச்சுக்க. பதினெட்டுக்கும் இது ஒண்ணு போதும், மாத்தி மாத்தி மாட்டிக்க."

வாசலில் ஈஸ்வரன் நின்றுகொண்டிருந்தார். விளக்கைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த செல்போனில் மணி பார்த்தார்.

"ஒண்ணே முக்காலாச்சுத்தா. வரிசை அப்படியே கிடக்கு."

"போறேண்ணே," என்று அவள் கம்பை எடுத்தாள்.

இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம். செடிகளைப் பிடித்துப் பிடித்துச் சறுக்காமல் இறங்கினாள். தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிட நேரமில்லை. விட்ட இடத்தில் காய்க்கூடை கிடந்தது. மற்ற பெண்கள் ஓடைப்பக்கம் வரை போய்விட்டிருந்தார்கள்.

மேலே பனிக்குள் பங்களாவின் வராந்தாவில் வெளிச்சம் வந்தது. வினோத் மாடி வயரிங்கை முடித்துவிட்டுச் சுவிட்சுகளைப் போட்டுப் பார்க்கிறான் போலிருந்தது. ஆறு விளக்கும் எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தன.

பொன்னுமணி தூரின் பக்கத்தில் நின்று, பழக்கத்தில் பின்னால் கைவிட்டுச் சாக்கைத் தேடினாள். பிறகு வலது காலை நீட்டி, செடியைப் பிடித்துக்கொண்டு, ஈரச் சருகின்மேல் மெல்ல உட்கார்ந்தாள்.